ஸ்டேடியத்துக்கு யார் பேர்

செஞ்சி
23 ஜூன் 2025

பெரம்பூரில் இருக்கும் பாண்டுரங்கன் அவர்களுக்கு, செஞ்சி காலனி தங்கராசு சொல்லி எழுதுவது.

சுகம் விசாரித்துவிட்டுத்தான் சேதிக்குப் போக வேண்டுமாம், மீனம்பாள் சொல்கிறாள். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், விசாரிப்பானேன். போனில் பேசலாம் என்று பார்த்தேன். உங்கள் மருமகள் ஷோபனா எடுத்தது. ‘மாமாவுக்குக் காது சுத்தமா கேக்கலீங்க, நீங்க சொல்றத நான்தான் அவர்கிட்ட கத்தணும்’ என்றது. இந்த விஷயத்தை உங்கள் மருமகள் கத்தி, அடுத்த வீட்டுக்காரர் கேட்க வேண்டாம் என்றுதான் கடிதம். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். என் பெண்டாட்டி அறிவொளி இயக்கக் காலத்தில் எழுதப் படிக்கக் கற்றவள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் ‘இன்னா’ என்றால் அவள் ‘என்ன’ என்று மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும், சேதி என்னுடையது.

என் மகன் அன்புச்செல்வன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன் மகள் நிலா எங்களோடு இருந்து நம் காலேஜில் இரண்டாம் வருசம் படிக்கிறாள். நேற்று ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். காலேஜில் ஸ்டேடியம் கட்டப் போகிறார்களாம். அதற்குப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் செமஸ்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டுமாம். ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம் வைத்து, சம்மதம் வாங்கிக்கொண்டு வசூல் ஆரம்பிப்பார்களாம். கீழே கோட்டு போட்டுக்கொண்டு உங்கள் படம். பழைய மாணவர் சங்கத் தலைவர், மாவட்டக் கோப்பையை வென்று தந்த சடுகுடு வீரர், ஸ்டேடியத்துக்கும் உங்கள் பேர்தான் என்று போட்டிருந்ததாம். ‘தாத்தா, இவரு செம பிளேயராம்’ என்றாள் நிலா. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோப்பை ஆட்டத்தில் நீங்கள் திண்டிவனம் மைதானத்தில் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தீர்கள். வலது கணுக்காலில் மஞ்சள் பத்து. கையில் பாதி கடித்த கொய்யாப்பழம். ஆடியவன் யார்? ஹாஸ்டல் சமையலுக்கு விறகு பிளந்துகொண்டிருந்த நான். நான் காலேஜ் பையன் இல்லை என்பதால் பி.டி. மாஸ்டர் உங்கள் பேரில் என்னை இறக்கினார். உங்கள் பனியன் எனக்குத் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அந்த வருசம் பூராவும் நான்தான் பாண்டுரங்கன். ஆட்டம் முடிந்ததும் பனியனைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ‘வெறகு பாக்கி இருக்குதுடா’ என்றார் மாஸ்டர்.

அதை நான் இப்போது கேட்க வரவில்லை. நீங்கள் அந்தப் பேரில் ரயில்வே வேலைக்குப் போனதையும், ஊர் ஊராக ஓசி பாஸில் சுற்றியதையும், மாசாமாசம் பென்ஷன் வாங்குவதையும் கேட்க வரவில்லை. நான் கேட்பது பிள்ளைகளுக்காக. ஏழைப் பிள்ளைகளிடம் காசு வாங்கி எதற்கு ஸ்டேடியம்? நாம் ஏரியில் தண்ணீர் வற்றினால் ஆடினோம், யாருக்குக் காசு கொடுத்தோம்? பெற்றோர் கூட்டத்துக்கு மகனுக்குப் பதில் நான்தான் போவேன். எழுந்து நின்று வேண்டாம் என்பேன். சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

தங்கராசு


பெரம்பூர், சென்னை
1 ஜூலை 2025

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் கிடைத்தது. மீனம்பாளின் கையெழுத்து அச்சுப் போல இருக்கிறது. என் பேரனின் கையெழுத்தை எண்ணி வெட்கப்பட்டேன்.

நீ எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். மாணவர் பணம் கொடுப்பதில் தவறென்ன? கல்லூரியின் வகுப்பறைகளை உன் பேத்தி கட்டவில்லை. அவளுக்கு முன் படித்தவர்களின் கட்டணத்தில் எழுந்தவை அவை. இன்று இவள் கொடுத்தால் நாளை வருகிறவளுக்கு ஓர் ஆடுகளம் இருக்கும். ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அடுத்தவருக்காகக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போக வேண்டும். அரசாங்கத்தை எதிர்பார்த்தால் என் காலமும் உன் காலமும் முடிந்துவிடும்.

உன் நிலா கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறாள் என்று முதல்வர் எழுதியிருந்தார். பெண்கள் ஆடும் இடத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வெறும் சரளை மண். விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். உடை மாற்ற அறை கிடையாது. ஒருத்தி மாற்றும்போது மற்றவர்கள் துப்பட்டாவை விரித்துப் பிடித்துச் சுற்றி நிற்கிறார்கள். இதற்கு மாற்று வருகிறபோது சொந்தத் தாத்தாவே தடுக்கிறான்.

பனியன் கதையை எழுதியிருந்தாய். அதை ஏன் திருட்டைப் போல எழுதுகிறாய்? என் பெயர் இல்லாவிட்டால் உன்னை அந்த மைதானத்துக்குள் யார் விட்டிருப்பார்கள்? காலனிப் பையனைக் கோட்டுக்குள் இறக்க அன்று எந்தக் கல்லூரிக்குத் துணிவு இருந்தது? நீ ஆடியது என் பெயரால். இதையும் ஞாபகத்தில் வை. உனக்கு ஞாபகசக்தி அதிகம்.

உண்மையைச் சொல். நீ எதிர்ப்பது கட்டணத்தையா, பெயரையா?

பாண்டுரங்கன்


செஞ்சி
10 ஜூலை 2025

பாண்டுரங்கன் அவர்களுக்கு,

கட்டணத்தைத்தான்.

உங்கள் கடிதத்தை மீனம்பாள் இரண்டு தரம் படித்தாள். கையெழுத்தைப் புகழ்ந்த இடத்தை மூன்று தரம் படித்தாள். நேற்று காலனி பெண்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கட்டி எத்தனையோ வருசம் ஆகிறது, நான் எழுத்தைப் பார்த்துப் புகழ முடியுமா? அதையும் நீங்களே செய்துவிட்டீர்கள். இருக்கட்டும்.

உங்கள் பேரால் ஆடினேன் என்கிறீர்கள். சரி. ஆனால் மூச்சு யாருடையது? கடலூர்க்காரன் நாலு பேர் சேர்ந்து என் இடுப்பைப் பிடித்து அழுத்தியபோது விலா எலும்பு யாருடையது? மழை நாளில் இன்னமும் வலிக்கிறது. உங்களுக்கு வலிக்கிறதா?

இங்கே சேதி. நான் வீட்டில் பேசியதை நிலா காலேஜில் போய்ப் பேசியிருக்கிறாள். அவள் சிநேகிதி சுவாதி அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அமாவாசை என்றால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொள்ளும், படியில்கூட இடம் கிடைக்காது. அன்றைக்கெல்லாம் அவள் வீடு சேர விளக்கு வைத்துவிடும். அவளுக்கு ஸ்டேடியத்தில் உட்கார எங்கே நேரம்? நிலா எல்லாப் பெண்களையும் கூட்டி, ‘இவங்க கட்டி முடிக்கறதுக்குள்ள நாம டிகிரி வாங்கிட்டு போயிடுவோம். ஏறாத பஸ்ஸுக்கு எதுக்குடி டிக்கெட்டு?’ என்றாளாம். இப்போது ஆபீஸ் எதிரே புங்க மரத்தடியில் பெண்களும் பையன்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்ட மாட்டோம் என்கிறார்கள். ஒரு வாத்தியார் வந்து, ‘யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?’ என்று கேட்டதற்கு, ‘எங்க தாத்தா’ என்று சொல்லியிருக்கிறாள்.

நான் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் எழுந்து எனக்கு நடுவில் இடம் விட்டார்கள். ‘தாத்தா பேசுங்க’ என்றார்கள். பேசினேன். கை தட்டினார்கள். அவர்கள் தட்டியது தங்கராசு என்ற பேருக்கு. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உடை மாற்ற அறை இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அது எனக்குத் தெரியாது. நிலா சொன்னதில்லை. அது நியாயந்தான். அதற்கு ஓர் அறை கட்டினால் போதுமே, அதன் மேல் எதற்கு உங்கள் பேர்?

தங்கராசு


பெரம்பூர்
18 ஜூலை 2025

தங்கராசு,

மாணவர்கள் மறியல் செய்வதாகத் தாளாளர் எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். ‘உங்கள் ஊர்க்காரர் ஒருவர் தூண்டிவிடுகிறார்’ என்றும் எழுதியிருக்கிறார். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசி வரியில் உன் வாயாலேயே வந்துவிட்டது. பெயர்தான் உறுத்துகிறது. ஆனால் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். ஆகவே உன் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏழைப் பிள்ளைகள் பணம் தர வேண்டாம். ஒரு ரூபாயும் வேண்டாம்.

சங்கராபரணிக் கரையில் என் பங்கு நிலம் இருக்கிறதல்லவா, ஆற்றோரத்து இரண்டு ஏக்கர். புறவழிச்சாலை வந்த பிறகு அதைக் கேட்காத ஆளில்லை. விற்றுவிடப் போகிறேன். மகன் முகம் சுளித்தான், ஷோபனா இரண்டு நாளாகக் காபியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். பரவாயில்லை. முழுத் தொகையையும் கல்லூரிக்குக் கொடுத்து, மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறேன்.

இப்போது உனக்கு மகிழ்ச்சிதானே? மரத்தடியில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சொல். நீ வென்றுவிட்டாய்.

பாண்டுரங்கன்


செஞ்சி
26 ஜூலை 2025

பாண்டுரங்கா,

நிலத்தை விற்காதே.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு வெற்றிலை கூட ருசிக்கவில்லை. பிள்ளைகள் காசில் கட்டினாலாவது, ‘எங்க காசுல கட்டினது, யாரோ கெழவன் பேரு ஒட்டிக்கினு இருக்குது’ என்று நாலு பேர் சொல்வார்கள். நீயே முழுசாகக் கொடுத்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? கோப்பை வாங்கியவனும் நீ, ஸ்டேடியம் கொடுத்த வள்ளலும் நீ. ராஜகிரி மலை இருக்கும் மட்டும் உன் பேர் இருக்கும். நான் நெல் கமிட்டியில் மூட்டை தூக்கிய கிழவனாகச் செத்துப்போவேன்.

அதனால் சொல்கிறேன், பிள்ளைகள் காசு கட்டட்டும். ஆயிரம் பேர் கட்டினால் ஆயிரம் பேருடையது. நீ முதல் கடிதத்தில் எழுதினாயே, முன்னால் படித்தவன் பின்னால் வருகிறவனுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று. அது சரியான பேச்சு. யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

(இது மீனம்பாள். இந்த வரியை எழுதச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். திட்டினார். வந்து எழுதுகிறேன். போன கடிதத்தையும் இவர்தான் சொன்னார், நான்தான் எழுதினேன்.)

அவள் ஏதோ தானாக எழுதுகிறாள். என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறாள். நீ படித்து ஒதுக்கிவிடு.

புங்க மரத்தடிக்குப் போனேன். காசு கட்டுங்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அந்தச் சுவாதி எழுந்து, ‘தாத்தா, போன வாரம் நீங்கதான கட்டாதீங்கன்னீங்க?’ என்றது. ‘அது போன வாரம்’ என்றேன். எனக்கே நன்றாக இல்லை. நிலா என்னை மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

‘நீ அந்த ஆள் மேல இருக்கற கடுப்புல பேசற தாத்தா.’

‘யாரு சொன்னது உனக்கு?’

‘ஆயா சொல்லிச்சி. பனியன் கதை, பேர் கதை, எல்லாத்தையும் சொல்லிச்சி. இன்னிக்கு பேசறதும் கடுப்பு, போன வாரம் பேசினதும் அதே கடுப்பு. நான் லூசு மாதிரி உன் பேச்ச நம்பி எல்லாரையும் வெயில்ல உக்கார வெச்சிருக்கறேன். சுவாதிக்கு அட்டெண்டன்ஸ் போச்சி. இன்னான்னு சொல்லட்டும் அவகிட்ட?’

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். டிவியில் கபடி போட்டால் எழுந்து போய்விடுகிறாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்போம், அவள்தான் எனக்குப் புது ரூல் எல்லாம் சொல்வாள்.

எல்லாம் உன்னால். நிலத்தை விற்காதே.

தங்கராசு


பெரம்பூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தங்கராசு,

‘நீ’ வந்துவிட்டது. இரண்டு கடிதம் ‘நீங்கள்’ என்று எழுதிவிட்டு, நிலம் என்றதும் மரியாதை பறந்துவிட்டது. எனக்கு அதுதான் சௌகரியமாக இருக்கிறது. ஆடுகளத்தில் நீ என்னை ‘டா’ போட்டவன். வெளியே வந்ததும் ‘ங்க’ போட்டுவிடுவாய். எங்கள் நைனா பக்கத்தில் நிற்பார், உனக்கு வேறு வழியில்லை.

மீனம்பாள் எழுதிய வரிகளைப் படித்து நானும் சிரித்தேன். ஷோபனா எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

நிலத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. இனி நிறுத்த முடியாது.

உனக்கு என் மேல் பொறாமை என்பது தெரிகிறது. மறைக்கவும் உனக்குத் தெரியவில்லை. என் பக்கத்தையும் கேள். திண்டிவனத்தில் கடைசி ஆட்டம். நீ சடுகுடு பாடிப் போனாய். மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் விரலை வைத்தாய். மைதானமே ‘பாண்டுரங்கா, பாண்டுரங்கா’ என்று கத்தியது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். கூப்பிட்டது என்னை என்று ஒரு கணம் உடம்பு நம்பிவிட்டது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் சட்டையை இழுத்து, ‘உக்காருய்யா, மறைக்குது’ என்றான். அந்தப் பெயரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் கல்யாணத்தில்கூட இல்லை.

ரயில்வே அணியில் இரண்டு பருவம் ஆடினேன். நீ இடது காலை இழுத்து இழுத்து வைத்துப் போவாயே, எதிராளி அதை நொண்டல் என்று நினைத்து ஏமாறுவான். அதேபோல வைத்துப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே கவிழ்த்துப் போட்டார்கள். அந்த வருத்தத்தில் உனக்கு ஒரு பொங்கல் வாழ்த்துகூட அனுப்பாமல் இருந்தேன். உன் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வரும். பெயர் என்னுடையது, மைதானத்தின் கூவல் உன்னுடையது.

ஆகவே ஒன்று செய்திருக்கிறேன். நன்கொடைக் கடிதத்தில் இரண்டு நிபந்தனை எழுதி அனுப்பிவிட்டேன். மாணவரிடம் கட்டணம் கூடாது. அரங்கத்துக்குத் ‘தங்கராசு விளையாட்டரங்கம்’ என்று பெயர். கூட்டத்தில் வாசிப்பார்கள். போய் முன்வரிசையில் உட்கார்.

இத்தோடு நமக்குள் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

பாண்டுரங்கன்


செஞ்சி
19 ஆகஸ்ட் 2025

பாண்டுரங்கா,

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. உனக்கு வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்கிறேன்.

முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். சலவைச் சட்டை. மீனம்பாளும் வந்திருந்தாள். நிலாவும் மற்றப் பெண்களும் கடைசியில் சுவரோரம் நின்றார்கள். தாளாளர் உன் கடிதத்தை வாசித்தார். என் பேர் வந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். ‘தங்கராசு விளையாட்டரங்கம்’ என்று மைக்கில் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், காதுக்குள் தேன் விட்டது போல இருந்தது. இன்னொரு தரம் சொல்ல மாட்டாரா என்றிருந்தது. இரண்டாம் தரமும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார். நன்கொடைக்கு நன்றி, ஆனால் கேலரி, லைட்டு, மேட் எல்லாம் போட அது போதாது, அதனால் ஸ்டேடியக் கட்டணம் என்று வாங்க மாட்டோம், ‘பராமரிப்பு’ என்று அதில் பாதி மட்டும் செமஸ்டருக்குச் செமஸ்டர் வாங்குவோம் என்றார். சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ‘முதல் கை நம்ம தங்கராசு ஐயா கை’ என்று என் முழங்கையைப் பிடித்துத் தானே மேலே தூக்கினார்.

பாதி தூரம் தூக்கிவிட்டார். நான் கடைசிச் சுவரைப் பார்த்தேன். பெண்கள் யாரும் கை தட்டவில்லை. சுவாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். மைக்கைக் கேட்டேன்.

‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க’ என்றேன். ‘ஆனா எனக்கும் பேர் ஆசை இருக்குது. நெறையவே இருக்குது. அங்க நிக்குதே ஒரு பொண்ணு, அவலூர்பேட்டைலருந்து வருது. அதோட அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இந்தக் காசைக் கட்டறப்ப அவங்க யார வைவாங்க? உங்க பேரு அவங்களுக்குத் தெரியாது. ஸ்டேடியத்து மேல யார் பேரு எழுதி இருக்குதோ அவன வைவாங்க. என்னைய வைவாங்க. செத்தப்புறமும் வைவாங்க. எனக்கு வேணாம் சாமி. அந்தப் பேர அழிச்சிடுங்க. காசும் வாங்காதீங்க.’

சனம் சிரித்துவிட்டது. நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. தாளாளர் மைக்கை வாங்கி, ‘பெரியவர் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு’ என்றார். மீனம்பாள் எழுந்து, ‘அவரு எப்பவும் அப்படித்தான், ஆனா இன்னிக்கு சரியாத்தான் சொன்னாரு’ என்றாள். அதன்பிறகு வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். எனக்கு எதிரே நாற்காலி எல்லாம் சத்தம் போட்டது, பாதிப் பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். ‘அப்ப கட்டணமும் இல்ல, ஸ்டேடியமும் இல்ல’ என்று தாளாளர் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நிலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூட்டு ரோடு தாண்டிற்று. பிறகு, ‘சால்வைய மடிச்சி மடியில வை தாத்தா, தூசி ஆவுது’ என்றாள்.

மைக்கில் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ கொடுத்து நான் வாங்கியிருந்தால், என் பேரே நீ எனக்குக் கொடுத்ததாக ஆகியிருக்கும். ‘பாண்டுரங்கன் புண்ணியத்துல தங்கராசு’ என்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. தீர்ந்தது என்று எழுதியிருந்தாய். நீ தீர்த்துவைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தங்கராசு


பெரம்பூர்
2 செப்டம்பர் 2025

தங்கராசு,

முதல்வர் எனக்கு எழுதியதும் நீ எழுதியதும் ஒத்துப்போகிறது. மீனம்பாள் பேசியதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

கோபம் வந்தது. ஒருநாள் முழுக்க இருந்தது. கொடுத்ததை முகத்தில் எறிந்தது போலத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அளவில் இந்த ஆட்டமும் உனக்கே போயிற்று என்று வைத்துக்கொள்.

பத்திரம் பதிந்துவிட்டது. பணம் வந்துவிட்டது. தாளாளரிடம் கொடுக்கவில்லை, நன்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அவருக்கு எழுதிவிட்டேன். முதல்வருக்குத் தனியாக எழுதினேன். சரளையை வாரிவிட்டுச் செம்மண் போட்டு மட்டப்படுத்துவது, பெண்களுக்கு உடை மாற்றும் அறை, கழிப்பறை, தண்ணீர், ஒரு சோடி மேட். அவ்வளவுக்கும் சரியாக வரும். கேலரி இல்லை, விளக்கு இல்லை, பெயர்ப்பலகை இல்லை, கட்டணம் இல்லை. கொடுத்தது யார் என்று கல்லூரியில் முதல்வரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். ஷோபனாவிடம் வைப்புநிதியில் போட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

பாண்டுரங்கன்


செஞ்சி
12 நவம்பர் 2025

பாண்டுரங்கா,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்கு மீனம்பாள் காரணம் இல்லை. அவள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் கேட்பாள். எனக்குத்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மண் வேலை முடிந்துவிட்டது. மழைக்கு முன்னாலேயே ரோலர் விட்டு இறுக்கிவிட்டார்கள், தண்ணீர் தேங்கவில்லை. அறையும் எழும்பிவிட்டது, உள்ளே கொக்கி, கண்ணாடி, தாழ்ப்பாள். போன வாரம் போய்ப் பார்த்தேன். நிலா பாடிப் போனாள். நாலு பெண்கள் சேர்ந்து கவிழ்த்தார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள், முழங்காலில் ஒரு கீறல் இல்லை. சுவாதி ஆட்டத்தில் இல்லை, அறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிற்று. அதற்கும் அது உதவுகிறது.

வீட்டுக்கு வந்து நிலா கேட்டாள். ‘யாரு தாத்தா குடுத்திருப்பாங்க? அந்த ஆளுதான் வாபஸ் வாங்கிட்டாராமே. பிரின்சிபால் சொல்லவே மாட்டேன்றாரு.’

‘யாரோ’ என்றேன்.

‘பேர்கூட போடாம குடுத்திருக்காங்க பாரேன். அவங்கதான் தாத்தா மனுசங்க.’

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உன் பேரைச் சொல்லவும் மனசு இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். கோட்டு போட்ட உன் படத்தைப் பற்றிக் கேட்டபோதுகூட இத்தனை எரியவில்லை. கோப்பையை நீ வைத்துக்கொள், என்னால் ஆட முடிந்தது. பேரை நீ வைத்துக்கொள், என்னால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இது என்னால் முடியாது. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கும் ஆசை இருக்கிறது. விற்க எனக்கு எங்கே நிலம்? இந்த வீட்டு மனையே அரசாங்கம் கொடுத்தது.

இதை மீனம்பாளிடம் இப்படியேதான் சொன்னேன். அவள் எழுதாமல் என்னைப் பார்த்தாள். ‘அந்த ரெண்டு ஏக்கர்ல உங்க அம்மா எத்தினி வருசம் நாத்து நட்டாங்க?’ என்று கேட்டாள். எனக்கு நடக்கத் தெரிந்த காலத்திலிருந்து, அம்மா விழுந்து படுத்த காலம் வரைக்கும். நானும் அந்த வரப்பில்தான் வளர்ந்தேன். ஆற்றில் வெள்ளம் வந்து கரை உடைத்த வருசம் மண் கொட்டி அதை வயலாக மீட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள். உங்கள் நைனா களத்தில் கூலி அளந்த மரக்கால் கூட என் கண்ணில் இருக்கிறது, ஒரு பக்கம் விளிம்பு தேய்ந்தது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். நீ கொடுத்ததில் பாதி நான் கொடுத்தது. நீ ஒத்துக்கொண்டாலும் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே.

தங்கராசு